சுவர் சுமந்த வரலாறு

நம் புறநகர்ப் பகுதிகளின் பழைய வீடு ஒன்றில் நுழைந்தவுடன் முதலில் கண்ணில் படுவது எது? வாயிலுக்கு எதிர்ச் சுவரில், உத்தரத்தை ஒட்டி, சற்றே முன்சாய்ந்து தொங்கும் நிழற்படங்கள்தாம். நடுவே இயேசுவின் திரு இருதயப் படம். அதன் இருபுறமும் தாத்தாவும் பாட்டியும். அடுத்த வரிசையில் திருமணப் படம், முதல் நற்கருணை வாங்கிய நாளில் வெள்ளுடையில் நிற்கும் சிறுமி. சட்டத்தின் மூலையில் செருகிய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும் இருக்கும். சாய்ந்த சட்டத்தின் பின்னே குருவி கூடு கட்டிய காலத்தையும் நம்மில் பலர் அறிவோம்.

அம்பத்தூரில் அத்தகைய இல்லம் ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தோம். தலைப்பாகை அணிந்து முக்காலியில் அமர்ந்திருந்த ஒரு முதியவரின் படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டோம். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "அப்பா வழி உறவு, பெயர் அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா இப்போது இல்லை" என்றார் இல்லத்தலைவர். அறுபது ஆண்டுகளாக அக்குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்முகத்துக்குப் பெயர் இல்லாமற்போயிற்று. இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்த விடைதான்.

கோயிலிலிருந்து இல்லத்துக்கு

நிழற்படக்கலை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது சென்னையில் வேரூன்றிவிட்டது. 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், அடுத்த ஈராண்டுகளில் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களின் கோபுரங்களையும் மண்டபங்களையும் படமாக்கினார். கல் அசையாது; நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டியிருந்த அக்காலக் கருவிக்கு அது ஏற்றதாயிருந்தது.

பின்னர் மனிதரின் முறை வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூல், நம் மக்களைச் சாதி வாரியாகவும் இனம் வாரியாகவும் வகைப்படுத்திக் காட்டியது. அதில் இடம்பெற்றவர்கள் ஆட்சியாளரின் பார்வைக்காக நிறுத்தப்பட்டவர்கள். மவுண்ட் ரோட்டின் ஸ்டூடியோக்களுக்கும், பின்னர் சிற்றூர்க் கடைத்தெருக்களின் ஸ்டூடியோக்களுக்கும் சென்ற குடும்பங்களின் நிலை வேறு. எவ்வுடையில், எவர் அருகில், எத்திரைச்சீலையின் முன் நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்தனர். திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டின் முன்னே இரவல் கைக்கடிகாரத்தோடு நின்ற ஏழைத் தொழிலாளி, தன் மக்கள் தன்னை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பதை அன்று தானே தீர்மானித்தான். நம் பாட்டனார் படத்தில் சிரிப்பதில்லை என்று குறைபடுகிறோம். அசையாமல் இருக்கவேண்டிய கட்டாயம் பழகிப் பழகி, இறுகிய முகமே கண்ணியம் என்று நிலைத்துவிட்டது.

ஆலைகளோடு வந்த முகங்கள்

நம் மேற்குப் புறநகரின் சுவர்களுக்குத் தனிக்கதை உண்டு. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். நிலத்தையும் கிணற்றையும் முன்னோர் கல்லறைகளையும் அவர்கள் பெயர்த்துக் கொண்டுவர இயலவில்லை. டிரங்குப் பெட்டியில் வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவர முடிந்தது தந்தை தாயின் படம் ஒன்றைத்தான். வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று அதை மாட்டியபோதுதான் புதிய ஊர் சொந்த ஊராயிற்று.

பின்னர் அச்சுவர் வளர்ந்தது. ஆலையில் பணி ஓய்வு பெற்ற நாளில் மாலையணிந்து எடுத்த குழுப்படம் வந்தது. பூவிருந்தவல்லி திரு இருதய குருமடத்தில் பயின்ற மகனின் குருப்பட்டப் படமும் சில வீடுகளில் ஏறியது. உதகையில் 1960இல் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' படச்சுருள் நம் ஸ்டூடியோக்களில் பயன்பட்ட காலம் அது. அந்நிறுவனமும் இன்று மூடப்பட்டுவிட்டது.

சுவரில் இல்லாதவர்கள்

எனினும், சுவர் சொல்லாதவற்றையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய தலைமுறையின் முகங்கள் நமக்குக் கிட்டவில்லை. கைக்குழந்தைகளாய் மறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. வீட்டார் விருப்பத்துக்கு மாறாக மணம்புரிந்த மகளின் படம் இறக்கப்பட்டு, சட்டத்தின் வடிவில் வெளுத்த சதுரம் மட்டும் எஞ்சிய சுவர்களும் உண்டு.

எல்லாருக்கும் உழைத்த தாய்மார் பலர் தனியே ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. வாழ்நாளில் ஒருமுறை திருமணத்தன்று; மறுமுறை, குடும்பத்தார் சுற்றி நிற்கச் சவப்பெட்டியில். 1993இல் வாக்காளர்களுக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்க ஆணையிடப்பட்டது. பல மூதாட்டிகளுக்கு அவ்வட்டைக்காக எடுத்த படமே கடைசியில் சுவர்ப்படமாயிற்று. மங்கலான அம்முகத்தைப் பெரிதாக்கி, கழுத்தில் சங்கிலியும் தோளில் பட்டுச்சேலையும் வரைந்து சேர்த்துத் தரும்படி பிள்ளைகள் ஸ்டூடியோக்காரரிடம் கேட்டனர். உயிரோடு இருந்தபோது வாங்கித்தராத நகையை அவர்கள் படத்திலேனும் அணிவித்தனர்.

காலமும் வெள்ளமும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்த நீர், இப்படங்களையும் விட்டுவைக்கவில்லை. நீர் வடிந்தபின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்களை அவசரத்தில் உரித்தவர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடக் கண்டு கலங்கினர். அவ்வாறு ஒட்டிய படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே வைத்து, அதன் மேலாகவே நகலெடுத்துக்கொள்வது நலம். ஈரச் சுவரில் படும்படி மாட்டுவதும், வெயில் நேரே விழும் இடத்தில் வைப்பதும் தீங்கு. நம் பெற்றோரின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் தெளிவாயிருக்க, 1980களின் வண்ணப் படங்கள் சிவந்து மங்கிவருவதைக் காண்கிறோம். முன்னதில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி, பின்னதில் சாயம்.

இப்போது சுவர்கள் வெறுமையாகி வருகின்றன. அடுக்ககத்தின் வெண்சுவரில் ஆணி அடிக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன என்கிறோம், ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தினர் அவற்றைக் கண்டு, "இவர் யார்?" என்று கேட்பதில்லை. அக்கேள்வி எழாத வீட்டில் பேரப்பிள்ளைகள் விடையைக் கேட்டு வளர்வதும் இல்லை.

தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி, எண்ணிம வடிவில் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு மேற்கொண்டது. அறிஞர்கள் படத்தைக் காத்துத் தரலாம். அதிலுள்ளவரின் பெயரை வீட்டிலுள்ள முதியவரே சொல்ல முடியும்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளுக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அன்று மாலை வீடு திரும்பியதும் சுவரிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக இறக்குவோம். தூசு துடைத்து, வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் உறவும் கேட்போம். அவற்றைச் சட்டத்தின் பின்பலகையில் பென்சிலால் எழுதி, படத்தை மீண்டும் அதே ஆணியில் மாட்டுவோம். அம்பத்தூர் இல்லத்தில் நாம் கண்ட அம்முதியவருக்கு இதைச் செய்ய இனி எவரும் இல்லை. நம் வீட்டில் சொல்லத்தக்கவர் இன்னும் இருக்கிறார் என்றால், நவம்பர் வரை காத்திருப்பதும் வேண்டாம்.