எது வில்? அமெரிக்க மான் வேட்டைச் சட்டங்களில் ஒரு நெடுவழக்கு

சட்டம் ஒரு கருவியை அனுமதிக்கவோ விலக்கவோ முற்படும்போது, அக்கருவி யாது என்பதை முதலில் சொல்லால் வரையறுத்தாக வேண்டும். வரையறை நெகிழ்ந்தால் சட்டமும் நெகிழும். இதற்குச் சிறந்த சான்றாக நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவங்களில் எவ்வெவ் ஆயுதங்களுக்கு இடம் தரலாம் என்பது பற்றி ஏறத்தாழ 90 ஆண்டுகளாக நடைபெற்றுவரும் வழக்கு. வெளியே நிற்போர்க்கு இது வேட்டையர்களின் சிறு பூசலாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கினால், பொதுச் சொத்து ஒன்றைப் பலர் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

வரலாற்றின் தொடக்கம் அழிவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் நிகழ்ந்த வணிக வேட்டையால் வெண்வால் மான்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1900ஆம் ஆண்டளவில் அவற்றின் எண்ணிக்கை ஐந்து இலட்சம் அல்லது அதற்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட லேசி சட்டம், முறைகேடாகக் கொல்லப்பட்ட விலங்குகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசென்று விற்பதைத் தடுத்தது. காட்டுவிலங்கு தனியார் உடைமையன்று. மக்கள் சார்பில் மாநில அரசு காத்துவரும் பொதுச் சொத்து என்னும் கொள்கை வலுப்பெற்றது. எத்தனை மான், எந்த நாள்களில், எந்தக் கருவியால் என மூன்று வகையாலும் வேட்டைக்கு வரம்பு கட்டப்பட்டது.

துப்பாக்கியின் காலத்தில் வில் திரும்பி வந்ததற்கு ஒரு துயரக் கதையும் காரணம். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில், யாஹி இனத்தில் எஞ்சியிருந்த ஒரே மனிதர் தனியராக வந்து சேர்ந்தார். 'இஷி' என அழைக்கப்பட்ட அவரிடம் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் வில் வளைக்கவும் அம்பு செய்யவும் கற்றார். இஷி 1916இல் காசநோயால் மறைந்தார். போப் 1923இல் வெளியிட்ட வில்வேட்டை நூல் புதிய தலைமுறை ஒன்றை அக்கலையின்பால் ஈர்த்தது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் கொலம்பியா, சாக் ஆகிய இரு மாவட்டங்களில் வில்லுக்கெனத் தனி மான் பருவத்தை வகுத்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன; பென்சில்வேனியா 1951இல் வில் பருவத்தைத் தொடங்கியது.

இவ்வேற்பாட்டின் உட்பொருளை நாம் தெளிவாக உணர வேண்டும். வில் ஏந்துபவர் மானை மிக அருகில் நெருங்க வேண்டும். நாணை இழுக்கும் அசைவே மானை விரட்டிவிடக்கூடும். ஆகவே அவர் கொல்லும் மான்கள் குறைவு. கருவி கடினமாக இருப்பதால் காலம் மிகுதியாக வழங்கப்பட்டது. விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவம் ஒன்பதே நாள்கள். வில் பருவமோ செப்டம்பர் இடைப்பகுதியில் தொடங்கிச் சனவரி வரை நீள்கிறது. மான்கள் இணைசேரும் நாள்களும் அதனுள் அடங்கும். எனவே, ஒரு கருவியை 'வில்' என்று ஏற்பது வெறும் பெயர்சூட்டல் அன்று. பல வார காலக் காட்டுரிமையை அளிப்பதாகும்.

இவ்வுடன்பாட்டை முதலில் அசைத்தது கப்பி பொருத்திய வில். மிசூரி மாநிலத்தவரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மரபு வில்லில் நாணை இழுக்க இழுக்கச் சுமை கூடும். கப்பி வில்லிலோ முழுதும் இழுத்த நிலையில் சுமை பெரிதும் குறைந்துவிடும். இன்றைய வில்கள் பலவற்றில் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சும். எய்பவர் நின்று நிதானித்துக் குறிபார்க்கலாம். 'இது வில்லா, எந்திரமா?' என்ற குரல் எழுந்தது. எனினும் மாநிலங்கள் அதை வில்லென்றே ஏற்றன.

துப்பாக்கியிலும் இதே கதை நிகழ்ந்தது. பென்சில்வேனியா 1974இல் சிக்கிமுக்கிக்கல் பொறியால் வெடிக்கும் பழைய துப்பாக்கிக்குத் தனிப் பருவம் அளித்தது. குழல்வாய் வழியே மருந்திட்டு, ஒரே ஒரு குண்டு சுடும் கருவி அது. 1980களில், வாய்வழி மருந்திட்டாலும் துல்லியத்தில் ரைபிளை நெருங்கும் புதுவகைகள் சந்தைக்கு வந்தன. சட்டத்தின் சொல் மாறவில்லை. சொல் குறித்த பொருள் மாறிவிட்டது. கொலராடோ போன்ற மாநிலங்கள் அப்பருவத்தில் தொலைநோக்கிக் குறிகாட்டியைத் தடைசெய்து பழைய பொருளைக் காக்க முயன்றன.

வழக்கின் உச்சம் குறுக்குவில். நாணை இழுத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியைப் போல் தோளில் அணைத்து விசையை அழுத்தும் கருவி இது. நெடுங்காலம் பல மாநிலங்கள் உடற்குறையுடையோர்க்கு மட்டுமே இதை அனுமதித்தன. 'பயிற்சியால் ஈட்ட வேண்டிய திறனைக் கருவி விலைக்குத் தருகிறது. மிகுதியாக மான்கள் வீழ்ந்தால் நம் பருவம் சுருங்கும்' என்பது எதிர்ப்போர் வாதம். 'முதியோரும் சிறுவரும் தோள்வலி குன்றியோரும் காட்டுக்குள் வர இதுவே வழி' என்பது ஆதரிப்போர் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு என்பதே இவ்வழக்கின் கடினம். பென்சில்வேனியா 2009இலும் விஸ்கான்சின் 2014இலும் அதை அனைவர்க்கும் திறந்துவிட்டன. ஒரிகன் இன்றும் விலக்குகிறது.

முடிவுகள் மாறியதற்குச் சூழலும் காரணம். மான்கள் இன்று மூன்று கோடியளவு பெருகி, பயிரை மேய்கின்றன. சாலைகளில் விபத்துக்குக் காரணமாகின்றன. நிதியும் இதில் கலந்துள்ளது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வேட்டைத் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் விதிக்கப்படும் வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பேணலுக்குச் செல்கிறது. 1972இல் இயற்றிய திருத்தம் வில் கருவிகளையும் அவ்வரிக்குள் கொணர்ந்தது. வேட்டையர் குறைந்தால் பேணலுக்கான பணமும் குறையும்.

இங்கே இங்கிலாந்தை ஒப்பிடுவது பயன் தரும். அங்கும் வேல்ஸிலும் 1963ஆம் ஆண்டு மான் சட்டம் அம்பெய்து மான் கொல்வதை விலக்கியது. அம்பு மானைக் காயப்படுத்தி நெடிது துன்புறுத்தலாம். வலிய ரைபிளே விரைந்த சாவைத் தரும் என்பது அதன் நோக்கு. ஒரு நாடு விலங்குக்குத் தப்பும் வாய்ப்பளிக்க வில்லைப் போற்றியது; மற்றொரு நாடு விலங்கின் துன்பம் கருதி அதே வில்லைத் தள்ளியது. அமெரிக்க மாநிலங்களும் துன்பத்தை மறக்கவில்லை. பல மாநிலங்கள் வில்லின் இழுவிசைக்குக் கீழெல்லை வகுத்துள்ளன. ஆக, ஆயுதச் சட்டத்துக்கு இரு எல்லைகள் உண்டு எனலாம். மேலெல்லை விலங்கு தப்புவதற்கான வாய்ப்பைக் காக்கிறது; கீழெல்லை அதன் துன்பத்தைக் குறைக்கிறது. புதிய கருவி ஒவ்வொன்றும் இவ்விரண்டுக்கும் இடையில் தனக்குரிய இடத்தைக் கேட்டு நிற்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றைப் பயிலும்போது, 'எந்த ஆயுதம் சிறந்தது?' என்பதோடு நின்றுவிடாதிருப்போமாக. ஒரு சொல்லின் பொருளைக் கருவியின் வடிவத்தால் வரையறுப்பதா, அதைக் கையாளத் தேவைப்படும் திறனால் வரையறுப்பதா? 1934இல் விஸ்கான்சினில் தனிப் பருவம் பெற்ற வில்லுக்கு நாணும் அம்பும் இருந்தன, அருமையும் இருந்தது. இன்றைய கருவிகளில் நாணும் அம்பும் உள்ளன. அந்த அருமையில் எவ்வளவு குறையலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் இன்னும் பேசித் தீர்க்க முயல்கிறது.