தோட்டாவுக்குள் காலி இடம்: அருவங்காட்டில் இருந்து கவ்பாய் வரைக்கும்

மேட்டுப்பாளையத்துல மலை ரயில் ஏறினவங்க, குன்னூர், வெலிங்டன் தாண்டி அருவங்காடுன்னு ஒரு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துலேயே பெரிய காம்பவுண்டு. ஊர்க்காரங்க வாயில அது ‘கார்டைட் ஃபேக்டரி’. 1903இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. அதுக்கும் இன்னைக்கு நாம பேசப்போற அமெரிக்க கவ்பாய் துப்பாக்கி விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்குங்க.

முதல்ல விளையாட்டைச் சொல்லிடறேன். 1980களில் கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்சது. தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு, 19ஆம் நூற்றாண்டு மாடல் ரிவால்வரால் இரும்புத் தகடுகளைச் சுடணும். யார் வேகமா முடிக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி கையை உதைச்சா அடுத்த குறிக்குத் திரும்ப நேரமாகும். அதனால எல்லாரும் தேடுறது உதை குறைந்த தோட்டா. ரிவால்வர் குண்டு விநாடிக்கு 1000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு விதியே இருக்கு.

பிரச்சினை எங்கே வருதுன்னா, 1873இல் வந்த .45 கோல்ட் தோட்டாவில். அதோட பித்தளைக் கூடு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம், கரிமருந்துக்காகச் செய்தது. பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதே வேலைக்கு அதில் கொஞ்சம் போட்டாலே போதும். கூடோ பழைய அளவிலேயே நின்னுடுச்சு. உதையைக் குறைக்க மருந்தை இன்னும் குறைச்சா, கூட்டுக்குள்ள முக்கால்வாசி காலி. துப்பாக்கியைக் குனிச்சா மருந்து முன்னால ஓடும், நிமிர்த்தினா பின்னால ஓடும். குண்டின் வேகமும் சுடறதுக்குச் சுட மாறும். அதைவிட மோசம், தெரியாம ரெண்டு அளவு மருந்து போட்டாலும் கூடு வழியாது. பார்த்தா தெரியாது. சுட்டா ரிவால்வரே வெடிச்சு கை போயிடும்.

இதே சிக்கலை பிரிட்டிஷ் ராணுவம் ரொம்ப முன்னாடியே சந்திச்சது. அவங்க புகையில்லா மருந்துதான் கார்டைட்: 1889இல் ஏபலும் டேவாரும் காப்புரிமை வாங்கினது. ஆரம்பக் கலவையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் துப்பாக்கிப் பஞ்சு, மீதி 5 வாசலின். ஆமா, நாம உதட்டுல தடவுற அதே சமாச்சாரம்! பிசைஞ்சு, நம்ம இடியாப்பம் மாதிரி இழையா பிழிவாங்க. இழைக்கு ஆங்கிலத்துல ‘கார்ட்’, அதான் பேர். அந்த மருந்தை இந்தியாவிலேயே செய்யத்தான் அருவங்காடு ஆலை. அதுக்குக் கரண்ட் கொடுக்கக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையமே கட்டினாங்க.

அவங்க .455 வெப்லி ரிவால்வரிலும் கார்டைட் போட்டதும் கூட்டில் இடம் மிஞ்சியது. 1897இல் கூட்டையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வெட்டிக் குட்டையாக்கிட்டாங்க. எவ்வளவு சிம்பிள்! முதல் உலகப் போருக்கு அப்புறம் இன்னும் ஒரு படி போனாங்க. அவசரமாப் பயிற்சி எடுத்த சிப்பாய்களால் .455-ஐ அடக்க முடியலைங்கறதால், உதை குறைந்த .38-க்கு மாறினாங்க.

அமெரிக்காவில் கூட்டை வெட்டலை. நூறு வருஷம் கழிச்சு கவ்பாய் ஆட்டக்காரங்க ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு, ‘டிரெயில் பாஸ்’னு ஒரு மருந்து. நடுவுல ஓட்டை போட்ட குட்டி வடை மாதிரி இருக்கும். எடை கம்மி, இடம் நிறைய அடைக்கும். இன்னொண்ணு, கூட்டைக் குட்டையாக்கறது. வெப்லிக்காரங்க 1897இல் செஞ்ச அதே வேலைதான்!

இங்கே உரிமம் இல்லாம தோட்டா தயாரிச்சா ஆயுதச் சட்டம், 1959 பாயும். வீட்டு ஷெட்டுல செஞ்சு பார்க்கற வேலையெல்லாம் வேண்டாம். கவ்பாய் போட்டியும் நமக்குப் பழக்கமில்லை. ஆனா உதை குறைந்த தோட்டா நம்ம வீரர்களுக்கு அந்நியமில்லை. 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகம் முழுக்கப் பெரும்பாலானவங்க போடறது .32 தோட்டா. முனை தட்டையான குண்டு, காகிதத்துல பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை போடும். 2006 தோஹா ஆசிய விளையாட்டுல, இந்தப் போட்டியிலதான் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து, உலக சாதனையைச் சமன் பண்ணித் தங்கம் வாங்கினார்.