இடுப்பும் சக்கரமும்: இரு பிள்ளைகளைச் சுமந்த கதை

சில மாதங்களுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். திருமணமாகிச் சென்னையில் வசிப்பவர். மூத்தவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. இரண்டாம் பேற்றுக்காகத் தாய்வீடு வந்து, பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "ஐயா, ரெண்டு பிள்ளையையும் ஒண்ணா வச்சுத் தள்ளற வண்டி வாங்கலாம்னு இருக்கோம். பக்கத்துப் பக்கத்துல உக்கார்ற மாதிரி வாங்கறதா, முன்னும் பின்னுமா உக்கார்ற மாதிரியா?" என்று கேட்டார்.

பாடம் நடத்திய ஆசிரியரிடம் கேட்கத்தக்க வினாதானா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. நாமும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும்; அதனால் கேட்டிருக்க வேண்டும். விடையை உடனே சொல்ல இயலவில்லை. தமிழ்க் குடும்பங்களில் நடை பழகாத பிள்ளையும் நடந்து களைத்த பிள்ளையும் ஒருசேர அழுதபோது இத்தனை நூற்றாண்டுகள் என்ன செய்தார்கள் என்ற எண்ணம் குறுக்கிட்டதே காரணம். அவ்வெண்ணத்தின் வழியே சென்று கண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஏறாத தேர்

குழந்தைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் சிறுதேரைப் பாடியிருக்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்து தந்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள், செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகிறார்கள். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் ஆண்பாற்கு வகுத்த பத்துப் பருவங்களில் இறுதியானதும் சிறுதேர் உருட்டலே.

இவை அனைத்திலும் ஒரு பொதுமையைக் காணலாம். குழந்தை தேரை உருட்டுகிறது. தேரில் ஏறிச் செல்வதில்லை. பெரும்பாணாற்றுப்படை அத்தேரை ஊர்ந்து செல்லாத தேர் என்றே வெளிப்படையாகச் சுட்டுகிறது. இன்றைய நடைவண்டியின் வேலையும் அதுதான். களைத்த பிள்ளை திரும்புமிடம் செவிலியின் உடல். விளையாட்டுக்குச் சக்கரம், சுமப்பதற்கு இடுப்பு என்பதே நம் பழைய ஏற்பாடு. 'கைக்குழந்தை', 'இடுப்புக் குழந்தை', 'தோளில் போடுதல்' என நம் சொற்களும் குழந்தையின் வளர்ச்சியைச் சுமப்பவரின் உறுப்புகளைக் கொண்டே அளக்கின்றன.

ஆட்டுவண்டி முதல் மடக்குவண்டி வரை

குழந்தையை ஏற்றிச் செல்லும் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1733இல் தொடங்குவர். இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகக் கட்டடக் கலைஞர் வில்லியம் கென்ட் சிப்பி வடிவில் ஒரு சிறு வண்டி செய்தார். அதை இழுக்க ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டினர். ஆக, அதுவும் பிரபு வீட்டு விளையாட்டுப் பொருளாகவே பிறந்தது. பெரியவர்கள் பின்னின்று தள்ளும் 'பிராம்' பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. 1889இல் அமெரிக்காவின் வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரின் முகம் பார்க்குமாறு திருப்பி வைக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

பெரும் திருப்பம் 1965இல் நேர்ந்தது. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் ஓவன் மக்லாரன், மாஸ்கோவிலிருந்து வந்த தம் மகள் கனத்த வண்டியோடு படும் பாட்டைக் கண்டார். அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடக்கிய வண்டி எனப் பேருந்தில் ஏறுவது அதன் பின்னரே எளிதாயிற்று. 1984இல் அமெரிக்கரான ஃபில் பேக்லர், மிதிவண்டிச் சக்கரம் மூன்று பொருத்திக் குழந்தையோடு ஓடுவதற்கான வண்டியைச் செய்தார். உருத்திரங்கண்ணனாரின் முக்காற்றேர் நம் நினைவுக்கு வந்தது. இம்முறை குழந்தை ஏறியமர்ந்த தேர்.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராம் பரவிய காலத்தில், வசதி படைத்த வீடுகளில் அதைத் தள்ளியவர் தாயல்லர், கூலிக்கு அமர்ந்த தாதி. சென்னை போன்ற நகரங்களில் வெள்ளையர் பிள்ளைகளின் தாதியை 'ஆயா' என்றனர். அச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

பழவேற்காடு தந்த துணி

சக்கரத்தின் கதையில் பழவேற்காட்டுக்கு இடமில்லை என்று நினைக்கலாம். ஐரோப்பியர் அங்கு வராமலில்லை. 1610இல் சந்திரகிரி அரசின் இசைவோடு டச்சுக்காரர் அங்கே கால் பதித்தனர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இவ்வூரிலிருந்தே ஆளப்பட்டது. அவர்களின் கல்லறைகளை இன்று தொல்லியல் துறை காத்து வருகிறது. அக்காலத்து டச்சு வீடுகளில் பிள்ளைகள் விழுந்தால் அடிபடாதிருக்கப் பஞ்சு வைத்த தொப்பி அணிந்ததை ரெம்பிராண்டின் கோட்டோவியத்திலேயே காணலாம்.

ஆனால் பழவேற்காடு உலகுக்கு அனுப்பியது துணி. சுற்றுவட்டார நெசவாளரின் கட்டம் போட்ட துணிகள் இத்துறைமுகத்திலிருந்து பத்தாவியாவுக்கும் அதற்கப்பாலும் சென்றன. டச்சுக்காரர் அங்கே நறுமணப் பொருள் வாங்கக் கொடுத்த விலையில் பெரும்பகுதி இந்தியத் துணியே. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது 'புலிக்காட்' ஆகிய நம் பழவேற்காடே. ஸ்காட்லாந்தின் நெசவாளர்கூடப் பதினெட்டாம் நூற்றாண்டில் தாம் நெய்த வண்ணக் கைக்குட்டைக்கு 'புல்லிகேட்' என்றே பெயரிட்டனர்.

துணி சென்ற தீவுகளில் அது எதற்கெல்லாம் பயன்பட்டது? ஜாவாவில் பிள்ளையை உடலோடு அணைத்துக் கட்டும் நீண்ட துணி செலெண்டாங் எனப்படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கைலித் துணியைத் தொங்கவிட்டுத் தொட்டிலாக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பழவேற்காட்டுக் குப்பங்களில் தாயின் பழஞ்சேலை உத்தரத்தில் தூளியாவதும் அதே அறிவே. மணலில் துணிக்கு வேலை உண்டு. சிறு சக்கரம் புதைந்துவிடும்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நம் முன்னோரின் அறிவைப் போற்றிய மகிழ்ச்சியோடு நின்றிருப்போம். ஆனால் துணியில் ஒரு குழந்தையைத்தான் கட்டலாம். மற்றொரு குழந்தையை வைத்திருந்தவர் யார்?

பாடு இல்லாத சுமை

குழந்தையைப் பார்க்கச் சென்றிருந்தபோது மாணவியின் தாயிடம் இதைக் கேட்டோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இன்றும் மீன் விற்பவர். இரட்டை வண்டியைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "அஞ்சு பேர்ல நான்தான் மூத்தவ. ஒண்ணு இடுப்புல, ஒண்ணு கையப் புடிச்சிக்கினு வரும். மூணாவதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. அப்ப இந்த மாரி வண்டி ஒண்ணு இருந்திருந்தா, அதுங்கள வெளிய நிறுத்திட்டு நான் உள்ள உக்காந்திருப்பேன் இல்ல?" என்றார். சற்று நேரம் நம்மால் ஒன்றும் பேச இயலவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் ஒருவருக்கே போய்விடாதபடி, உரிமையுள்ளோர் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். பொதுவளத்தைப் பங்கிடுவதற்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர் பலர் இதை எழுதியுள்ளனர். பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர். மீனுக்குப் பாடு வகுத்த ஊர், பிள்ளை சுமப்பதற்குப் பாடு வகுக்கவில்லை. சீட்டுக் குலுக்காமலே அச்சுமை மூத்த பெண்பிள்ளைக்கு விழுந்தது. இக்குறை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று; நம் வீடுகளின் முன்தலைமுறையிலும் அத்தகைய அக்காக்கள் இருந்தனர்.

தாய்மாரைக் குறை சொல்ல வழியில்லை. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், கழுத்தளவு நீரில் இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலை எடுப்பர். கூடையைப் பற்களால் கவ்விக்கொள்வர். கை இரண்டும் வாயும் தொழிலுக்குப் போனபின், கரையில் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளைதான் துணை.

சுமக்கும் கை போதாமையின் கொடிய கணக்கு 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 எனக் குறிக்கிறது. மீனுக்காகக் கரையில் காத்திருந்தமை, நீந்தத் தெரியாமை, பிள்ளைகளைத் தேடியும் தூக்கியும் பின்தங்கியமை எனக் காரணங்கள் பல. இடுப்பைப் புகழ்ந்து எழுதும்போது இவ்வெண்களையும் மறக்கலாகாது.

இரண்டு ஆயாக்கள்

மூன்றாம் வகுப்போடு நின்ற தாயின் மகள் முதுகலை வரை படித்தது எவ்வாறு? வண்டி வந்ததால் அன்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் மையங்களில் உணவு கிடைத்தது. சோற்றைப் பற்றியே நாம் பேசுகிறோம்; இடுப்பிலிருந்து ஒரு பிள்ளை இறங்கியதைப் பேசுவதில்லை. இரண்டு வயதுத் தம்பி பால்வாடியில் அமர்ந்தால், எட்டு வயது அக்கா பள்ளியில் அமரலாம். மாணவியும் அவர் தம்பியும் அந்தப் பால்வாடியில் வளர்ந்தவர்களே.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளரை ஊரார் 'ஆயா' என்றே அழைத்தனர். இப்போது முன்சொன்ன சொல்லுக்கு வருவோம். தாதியைக் குறிக்கும் ஆயா போர்த்துக்கீசியரோடு வந்த சொல். வட மாவட்டங்களில் பாட்டியை அழைக்கும் ஆயா, தாயைக் குறிக்கும் 'ஆய்' என்னும் தமிழ்ச் சொல்லின் வழிப்பட்டது. வெள்ளையர் வீட்டில் பிராம் தள்ளிய சொல்லும், திண்ணையில் பேரனை மடியிலிட்ட சொல்லும் ஒலியால் ஒன்றாகி, குப்பத்துப் பால்வாடியில் ஒரே பெண்ணுக்குப் பெயராயின. அப்பெண் தாங்கிய பிள்ளைகளால் எத்தனை அக்காக்கள் படித்தனர் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லப்போவதில்லை.

நாம் சொன்ன விடை

இறுதியில் மாணவிக்கு நாம் சொன்னது இதுவே. பக்கவாட்டு வண்டியில் இரு பிள்ளைகளும் சமமாக அமர்வர்; தள்ளுவதும் எளிது. ஆனால் அகலம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் வரும். குப்பத்துச் சந்தும் சென்னை அடுக்ககத்தின் மின்தூக்கியும் இடம் தருமா என்று முதலில் நாடா வைத்து அளக்க வேண்டும். முன்பின் வண்டி குறுகலானது, ஆனால் நீளமானது. திருப்பும்போதும் படியேற்றும்போதும் கனக்கும். எதுவாயினும் கைக்குழந்தைக்குரிய இருக்கை முழுவதும் படுக்கையாகச் சாய வேண்டும். தலை நிற்காத பிள்ளையை உட்கார வைக்கலாகாது. சக்கரம் பெரிதாக இருத்தல் நலம். மணலில் அதுவும் பயன்படாது, சிமெண்டுச் சாலைக்கே ஆகும். மணலுக்கு அம்மாவின் பழஞ்சேலை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பாக வேறொன்றையும் கேட்டோம்: "வண்டியைத் தள்ளப்போவது யார்?" மாணவி சிரித்தார். "பாதி நாள் நான், பாதி நாள் அவர், ஐயா. பாடு போட்டுட்டோம்" என்றார்.

முன்பின் வண்டிதான் வாங்கினர். நாம் சென்றிருந்த மாலையில் மருமகன் அதை ஊர்ச் சாலையில் தள்ளி வந்தார். பெரியவன் பத்தடி தூரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அடம்பிடித்து இறங்கினான். தங்கை உள்ளே உறங்க, தந்தையின் கைகளுக்குக் கீழே புகுந்து கம்பியைப் பிடித்துத் தானே வண்டியைத் தள்ளத் தொடங்கினான். வாசலில் நின்ற பாட்டி அவனைத் தூக்கப் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.