கண்ணுக்குள் தெரிந்த கட்டி

இந்த எபிசோட் ஒரு மருத்துவர் சங்கத்தைப் பற்றியது. சங்கம்னு சொன்னதும் ஆண்டு மாநாடு, சால்வை, குரூப் ஃபோட்டோ, மதியம் பிரியாணி என்றுதான் தோணும். எனக்கும் அப்படித்தான். ஆனா இந்தச் சங்கத்தின் கதைக்குள் நான் வந்து சேர்ந்தது எங்க பெரியம்மா வழியாக. அதனால அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்க ஊர் விருதுநகரை ஒட்டிய சூலக்கரை. பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். 1980-களின் நடுவில், அவருக்கு 35 வயசு இருக்கும்போது, காலையில் எழுந்ததும் மண்டைக்குத்து வர ஆரம்பித்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தால் கொஞ்சம் இறங்கும். மத்தியானம் ஆனால் பரவாயில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் அதே குத்து.

"மருந்து வாடை சேரலை"ன்னு ஊரில் சொன்னார்கள். எங்க பக்கத்தில் மருந்துன்னா முதல் அர்த்தம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போடுற மருந்துதான், மாத்திரை எல்லாம் அப்புறம். ஒரு டாக்டர் ஒத்தைத் தலைவலி என்றார். இன்னொருவர் பித்தம் என்றார். மூன்றாவது ஆள் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கண் மங்கி, சுவரைத் தடவி நடக்க ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போய், அங்கிருந்து மெட்ராஸ் போய், ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கிற உறையில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை, மெதுவாக வளரும் சாது ரகம். முழுசாக எடுத்துவிட்டார்கள். பெரியம்மா இன்றைக்கும் நல்லா இருக்கார். பார்வை மட்டும் திரும்பவில்லை. ஒரு கண்ணில் நிழல் தெரியும், அவ்வளவுதான்.

இந்த எபிசோடுக்காக ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரிடம் பேசும்போது கேட்டேன்: "அப்போ எங்க ஊர்ப் பக்கம் ஸ்கேன் இருந்திருந்தா கண்ணு தப்பியிருக்குமா சார்?" அவர் சொன்ன பதில் என்னைத் தூங்க விடவில்லை. "ஸ்கேன் எதுக்கு? ஒரு ஆப்தல்மோஸ்கோப் போதுமே."

ஆப்தல்மோஸ்கோப் என்பது கையடக்கமான ஒரு சின்ன விளக்கு. கண்மணி வழியாக உள்ளே வெளிச்சம் விட்டு, கண்ணின் பின்சுவரைப் பார்க்கலாம். 1851-ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கினார். மண்டை ஓடு மூடின பெட்டி. உள்ளே கட்டி வளர்ந்தால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பார்வை நரம்பின் உறை வழியாகக் கண் வரைக்கும் வந்து, நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடம் வீங்கித் தெரியும். இதை 1860-லேயே வான் கிரேஃபே எழுதிவிட்டார். வீக்கம் மாசக்கணக்கில் நீடித்தால் நரம்பு வெளுத்துப் போகும். அதற்குப் பிறகு கட்டியை எடுத்தாலும் பார்வை வராது.

ஆக, எங்க பெரியம்மாவுக்குத் தேவைப்பட்ட கருவி அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாடியே இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அவர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அறிவு ஒரு இடத்தில் இருக்கு, நோயாளி இன்னொரு இடத்தில் இருக்கார். நடுவில் இருக்கிற தூரத்தை யார் கடப்பது? நான் சங்கத்தின் கதையைத் தேடிப் போனது இந்தக் கேள்வியோடுதான்.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1884 நவம்பர் 25, லண்டன். இடது கை வலுவிழந்து, அடிக்கடி வெட்டி இழுக்கிற ஒரு நோயாளி. பென்னட் என்ற மருத்துவர் எந்தப் படமும் இல்லாமல், கை இழுப்பதை மட்டும் வைத்து, "வலது மூளையில், இந்த இடத்தில் கட்டி" என்று குறித்துக் கொடுத்தார். காட்லி என்ற அறுவை மருத்துவர் திறந்தார். கட்டி அங்கேயே இருந்தது! நோயாளி 28 நாள் கழித்துத் தொற்றில் இறந்துபோனார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம், இடம் சொன்னது ஒருவர், கத்தி பிடித்தது வேறொருவர் என்பதுதான்.

இந்தத் துறையைத் தொழிலாக மாற்றியவர் அமெரிக்காவின் ஹார்வி குஷிங். 1931-ல் தன் 2,000-வது மூளைக் கட்டி அறுவையைச் செய்தார். தன் நோயாளிகளின் கட்டி மாதிரிகளையும் குறிப்புகளையும் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். 1920-ல் அவர் முன்னின்று நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். ஒருவர் செய்வதை மற்றவர்கள் நேரில் பார்க்கணும், பார்த்துக் கேள்வி கேட்கணும் என்பது அதன் பழக்கம்.

இப்போ நம்ம ஊர். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போன கதையை எங்க பக்கத்தில் சின்னப் பிள்ளைகளே சொல்லும். கற்றுக்கொண்டு திரும்பி வந்ததுதான் அந்தக் கதையின் உயிர். கிட்டத்தட்ட அதே மாதிரி இரண்டு பேர் மூளைத் தொழிலைக் கற்கப் போனார்கள்.

ஒருவர் ஜேக்கப் சாண்டி. 1910-ல் பிறந்த மலையாளி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல் துறை. இன்னொருவர் 1922-ல் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி. இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று, 1950-ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் தொடங்கினார். இடையில் ஒரே வருஷம்.

இந்த இடத்தில் இருவரும் போட்டி போட்டிருக்கலாம். ஒருவர் மிஷன் ஆஸ்பத்திரி, இன்னொருவர் அரசு ஆஸ்பத்திரி. நாட்டில் இந்தத் தொழில் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற காலத்தில் "நான்தான் முதல்"னு இருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் 1951-ல் இவர்கள் இருவரும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். கத்தி பிடிக்கிறவர் இரண்டு பேர், பிடிக்காதவர் இரண்டு பேர். பெயரையும் கவனியுங்க. அறுவை மருத்துவர் சங்கம்னு வைக்கவில்லை, நரம்பியல் சங்கம். பென்ஃபீல்டின் மான்ட்ரியல் நிலையத்தில் மருத்துவரும் அறுவையாளரும் ஆய்வகத்துக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்தச் சாயல் இந்தப் பெயரில் இருக்கு என்பது என் கணிப்பு. 1953-லிருந்து சங்கத்துக்கு ஒரு இதழும் வருகிறது: நியூராலஜி இந்தியா.

அந்தக் காலத்தில் கட்டியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மண்டையில் துளை போட்டு, மூளை அறைகளில் இருக்கும் நீரை எடுத்துவிட்டு, அங்கே காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். 1918-ல் வால்டர் டேண்டி கண்டுபிடித்த முறை. காற்று இருக்கிற அறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கோ, கட்டி அந்தப் பக்கம். இல்லையென்றால் கழுத்து ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள், அது 1927-ல் போர்ச்சுகலில் மோனிஸ் தொடங்கியது. கட்டியே படத்தில் தெரியாது, அது பக்கத்தில் இருப்பவர்களைத் தள்ளுவதுதான் தெரியும். மினி பஸ் கூட்டத்தில் கண்டக்டர் எங்கே நிற்கிறார் என்று, ஆட்கள் ஒதுங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. கட்டியையே காட்டுகிற சி.டி. ஸ்கேன் 1971-ல்தான் லண்டனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது.

சங்கம் எதற்குன்னு எனக்கு உறைத்தது காசநோய்க் கட்டியைப் பற்றிப் படித்தபோதுதான். நம் மருத்துவர்கள் மண்டையைத் திறந்தபோது, வெளிநாட்டுப் பாடப்புத்தகம் சொன்ன கட்டிகள் மட்டும் உள்ளே இல்லை. கணிசமானவை காசநோய்க் கட்டிகள். லண்டனிலும் பாஸ்டனிலும் அது அரிதாகிவிட்டது, அங்கே கேட்டால் பதில் கிடைக்காது. காசநோய் மருந்துகள் வருவதற்கு முன் அதைத் தொட்டால், கிருமி மூளையுறை முழுக்கப் பரவி ஆள் போய்விடுவார். மருந்து கொடுத்துக்கொண்டே எடுக்கலாமா, எடுக்காமலே கரைக்கலாமா? இதற்கு மெட்ராஸும் வேலூரும் பம்பாயும் தங்கள் நோயாளிகளின் கணக்கை ஒரே மேசையில் வைத்தால்தான் பதில் கிடைக்கும். ராமமூர்த்தி இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். தப்பிப் பிழைத்தவர் கணக்கு மட்டும் இல்லை, இறந்தவர் கணக்கும் வேணும். தோற்ற கேஸை நாலு பேர் முன்னாடி எழுந்து நின்று சொல்வது எந்தத் தொழிலிலும் லேசில்லை.

இதற்கு ஒரு இரண்டாம் பாகம் இருக்கு. சி.டி. ஸ்கேன் வந்ததும், வலிப்போடு வரும் பலருக்கு மூளையில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. காசநோயாகத்தான் இருக்கும் என்று மாசக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில் வேலூர்க் குழு ஒன்று அதைத் துண்டு எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவை காசநோய் இல்லை, நாடாப்புழுவின் முட்டைப் புழு செத்துப் போன தடம். நிறைய பேருக்கு அது தானாகவே சுருங்கிவிடும். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மேத்யூ சாண்டி, ஜேக்கப் சாண்டியின் மகன். அப்பா கட்டிய துறையில் இருந்துகொண்டே, துறையின் பழைய நம்பிக்கையைத் திருத்தினார்கள்.

1980-ல் ராமமூர்த்தியும் டெல்லி எய்ம்ஸின் பி.என். டாண்டனும் தொகுத்த நரம்பியல் அறுவைப் பாடநூல் வந்தது. இனிமேல் நம் நோயாளியின் கதை நம் புத்தகத்திலேயே இருக்கும். 1989-ல் உலக நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மாநாடு டெல்லியில் கூடியது. அப்புறம் 1990-களின் தொடக்கத்தில் நரம்பியல் மருத்துவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள். பழைய சங்கத்தின் கதவு இன்றைக்கும் இருதரப்புக்கும் திறந்துதான் இருக்கு. ஆனால் துறை பெருத்தால் வீடு பிரியத்தான் செய்யும். முதுகெலும்புக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி, கட்டிக்குத் தனி என்று ஆகிவிட்டது. அது குற்றமில்லை. என் சின்ன வருத்தம் வேறு. மேலே இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தது அற்புதமாக நடந்தது. கீழே, தெருமுனை கிளினிக் வரைக்கும் அது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 1951-க்கும் பெரியம்மாவின் முதல் மண்டைக்குத்துக்கும் இடையில் முப்பது வருஷத்துக்கு மேல்.

நியாயமாகச் சொல்லணும்னா, அவரைக் காப்பாற்றியதும் அதே வரிசைதான். மெட்ராஸில் கட்டியை எடுத்தவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கணும், அவருக்கு இன்னொருத்தர். அறுவைக்கு முன்னாடி வீக்கத்தை இறக்கக் கொடுத்த டெக்சாமெத்தசோன், விலை குறைவான ஒரு ஸ்டீராய்டு. 1960-களில் அது புழக்கத்துக்கு வருவதற்கு முன் மூளை வீங்கியே எத்தனையோ பேர் மேசையில் போயிருக்கிறார்கள்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இந்த எபிசோடுக்காகச் சேர்த்ததையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். பென்னட், சாண்டி, காற்று ஏற்றுவது, புழு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த லைட்டு என்ன விலை இருக்கும்டா?"

சாதாரண செல்போன் விலைதான் பெரியம்மா என்றேன். "அப்ப அந்தப் புது காலேஜு பிள்ளைக கையில இருக்கும்ல?" என்றார். இருக்கும்னுதான் சொன்னேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன்னாடி, அங்கே படிக்கிற ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். கண் வார்டு போஸ்டிங்கில் பார்த்திருக்கிறாள். வீங்கின நரம்பை இன்னும் நேரில் பார்த்ததில்லையாம்.