படைவீரனின் கடன் பத்திரம்

நாடுகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் போர்களைக் கொண்டும் பிரகடனங்களைக் கொண்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்றதும் 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனமும், ஜார்ஜ் வாஷிங்டன் நடத்திச் சென்ற படையும் நம் மனக்கண்முன் வருகின்றன. ஆனால் அந்தப் போர் முடிந்தபின், அந்த இளம் குடியரசு தன் அவையில் நடத்திய ஒரு வாதம் நம் கவனத்திற்கு அவ்வளவாக வருவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் அது பணத்தைப் பற்றிய வாதம். ஊன்றிப் பார்த்தால் அது நீதியைப் பற்றிய வாதம். அரசு கொடுத்த வாக்கு யாருக்கு உரியது? உழைத்து அதைப் பெற்றவனுக்கா, அல்லது அந்த வாக்கை எழுதிய தாளை இன்று கையில் வைத்திருப்பவனுக்கா?

1775 முதல் 1783 வரை நடந்த விடுதலைப் போரை நடத்திய காங்கிரஸ் அவைக்கு மக்கள்மீது வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் கேட்டு வாங்குவதும், பிரான்சு நாட்டு அரசிடமும் ஹாலந்து நாட்டு வங்கியாளரிடமும் கடன் பெறுவதும், அச்சகத்தில் நாணயத்தாள் அடிப்பதும்தாம் அதற்கிருந்த வழிகள். தாளை அச்சிட அச்சிட அதன் மதிப்புச் சரிந்தது. 1781க்குள் அது ஏறத்தாழ ஒன்றுக்கும் உதவாததாயிற்று. எனவே தானியமும் குதிரையும் தந்த உழவருக்கும், ஊதியம் கிடைக்காத படைவீரருக்கும், தரவேண்டிய தொகையைக் குறித்த பத்திரங்களே வழங்கப்பட்டன.

ஜோசப் பிளம் மார்ட்டின் என்னும் கனெக்டிகட் மாநிலத்து இளைஞர் 1776இல், தம் பதினைந்தாம் வயதில், படையில் சேர்ந்தார். 1783இல் படை கலைக்கப்பட்டபோது அவர் கையிலும் இத்தகைய பத்திரங்களே இருந்தன. வீடு திரும்பும் வழியில் மானமாக உடுத்த ஓர் உடை வேண்டும். கைச்செலவுக்குக் காசு வேண்டும். அவரும் அவருடைய தோழர்களும் அந்தப் பத்திரங்களை விற்றார்கள். பிற்காலத்தில் எழுதிய போர் நினைவு நூலில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். அன்றைய சந்தையில் ஒரு டாலர் பத்திரத்திற்குக் கால் டாலரும், பல நேரங்களில் அதற்குக் குறைவாகவுமே கிடைத்தது. வாங்கியவர்கள் நகரத்து வணிகர்கள்; காத்திருக்க வசதி உள்ளவர்கள்.

இதன் விளைவு சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் கடனுக்கு வட்டி செலுத்துவதற்காகக் கடுமையான வரிகளை விதித்தது. கையில் பணமற்ற உழவர்கள் நிலத்தை இழந்தனர். சிலர் கடனுக்காகச் சிறை சென்றனர். அவர்களுள் பலர் முன்னாள் படைவீரர்கள். தாம் மலிவாக விற்ற பத்திரத்திற்கு வட்டி கொடுக்கத் தாமே வரி செலுத்தவேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. 1786இல் டேனியல் ஷேஸ் என்னும் முன்னாள் படைத்தலைவரின் பெயரால் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்பீல்டு படைக்கலக் கிடங்கின்முன் பீரங்கி வெடித்து நால்வர் மாண்டனர். இந்தக் கலவரம் தந்த அச்சமும் சேர்ந்தே, அதே ஆண்டு பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பு உருவாகத் தூண்டியது. வரி விதிக்கும் அதிகாரம் இப்போது நடுவண் அரசுக்குக் கிடைத்தது.

வாஷிங்டன் 1789இல் முதல் குடியரசுத் தலைவரானார். அவருடைய நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் பொதுக்கடனைப் பற்றிய தம் அறிக்கையை அவைக்கு அளித்தார். நடுவண் அரசின் கடன் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர். மாநிலங்களின் கடன் ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் டாலர் என அவர் கணக்கிட்டார். பத்திரத்தை இன்று வைத்திருப்பவர் எவரோ அவருக்கே அதன் உரிமை முழுவதும் சேரவேண்டும் என்பது அவர் கொள்கை. இச்செய்தி தொலைவிலுள்ள சிற்றூர்களை எட்டுமுன், அங்குள்ளவர்களிடம் பத்திரங்களை மலிவாக வாங்கிவர நியூயார்க்கிலிருந்து தென் மாநிலங்களுக்குக் கப்பல்கள் விரைந்ததாக ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அவையில் சினந்து பேசினார்.

பிப்ரவரியில் வர்ஜீனியா உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் எழுந்து ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார். பத்திரத்தை விலைக்கு வாங்கியவருக்குச் சந்தையில் நிலவிய மிக உயர்ந்த விலையைக் கொடுப்போம். மீதியை அதை முதலில் பெற்ற வீரனுக்கும் உழவனுக்கும் கொடுப்போம் என்பதே அத்திட்டம். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இத்தகைய பாகுபாடு கூடாது என்று 1783இல் காங்கிரசின் பெயரால் எழுதியவரும் இதே மேடிசன்தான். ஏழு ஆண்டுகளில் பத்திரங்கள் கைமாறிய அளவைக் கண்டு அவர் தம் மனத்தை மாற்றிக்கொண்டார்.

ஹாமில்டனின் மறுமொழியையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். வறுமையால் விற்றவரின் நிலை வருந்தத்தக்கது என்பதை அவர் தம் அறிக்கையிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் வாங்கியவர் அரசு பணம் தராமலே போகலாம் என்ற ஆபத்தையும் சேர்த்தே வாங்கினார். அவருக்கு உரிமை உண்டு என்று அரசே பத்திரத்தில் எழுதியிருந்தது. விற்றவர் யார், வறுமையால் விற்றாரா, விருப்பத்தால் விற்றாரா என்று பல்லாயிரம் பத்திரங்களில் ஆராய்வது எங்ஙனம்? மேலும், கைமாறிய பத்திரத்தை அரசு மதிக்காது என்றால் எவரும் அதற்கு நல்ல விலை தரமாட்டார். அப்போது நாளைய படைவீரன் தன் பத்திரத்தை இன்னும் மலிவாகவே விற்க நேரும். வாக்கெடுப்பில் மேடிசனுக்கு 13 பேர் ஆதரவளித்தனர். 36 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவருள் பத்திரங்களைத் தம் பெட்டியில் வைத்திருந்தவரும் உண்டு என்பதை வரலாறு மறைக்கவில்லை.

நீதியை வகைப்படுத்தும் பழைய பாடம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கொடுக்கல் வாங்கலில் ஒப்பந்தத்தைக் காப்பது ஒருவகை நீதி. சமுதாயத்தின் சுமைகளையும் பயன்களையும் மக்களிடையே முறையாகப் பங்கிடுவது மற்றொருவகை நீதி. ஹாமில்டன் முன்னதன் பக்கம் நின்றார். மேடிசன் பின்னதன் பக்கம் நின்றார். இருவருள் ஒருவரைக் கொடியவராகக் காட்டினால் கதை எளிதாகும், உண்மை போய்விடும்.

மாநிலங்களின் கடனை நடுவண் அரசு ஏற்பது பற்றிய அடுத்த வாதம் இன்னும் கடுமையாயிற்று. தம் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்துவிட்ட வர்ஜீனியா போன்ற மாநிலங்கள், பிறர் கடனுக்கு நாங்கள் ஏன் வரி செலுத்தவேண்டும் என்று கேட்டன. ஏப்ரலில் திட்டம் தோற்றது. ஜூன் மாதத்தில் தாமஸ் ஜெபர்சன் தம் இல்லத்தில் ஹாமில்டனையும் மேடிசனையும் விருந்துக்கு அழைத்தார். கடன் ஏற்புத் திட்டத்திற்கு வழிவிடுவது, அதற்கு ஈடாகத் தலைநகரைத் தெற்கே போட்டோமாக் ஆற்றங்கரையில் அமைப்பது என்று அங்கே உடன்பாடு கண்டனர். வாக்கை மாற்றிய ஒரு சிலருள் மேரிலாந்தின் டேனியல் கரோலும் ஒருவர். இவர் அந்நாட்டின் முதல் கத்தோலிக்க ஆயரான ஜான் கரோலின் அண்ணன். அரசியலமைப்பில் கையொப்பமிட்ட இரு கத்தோலிக்கருள் ஒருவர். அடுத்த ஆண்டு புதிய தலைநகரை அமைக்கும் ஆணையர்களுள் ஒருவராகவும் அவர் அமர்த்தப்பட்டார். ஜெபர்சனோ இந்த உடன்பாட்டுக்குத் துணைபோனதைப் பற்றிப் பின்னாளில் மிகவும் வருந்தினார்.

ஏற்றுக்கொண்ட கடனுக்கு வட்டி வேண்டுமே! 1791இல் மதுவுக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. மேற்குப் பென்சில்வேனியாவின் உழவருக்கு விஸ்கி வெறும் மதுவன்று. மலை கடந்து தானியத்தைச் சுமந்து செல்ல முடியாத அவர்கள், அதை மதுவாக்கியே விற்றனர். நாணயம் அரிதான அந்தப் பகுதியில் அதையே பணமாகவும் பயன்படுத்தினர். 1794இல் அவர்கள் கிளர்ந்தபோது ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படை அனுப்பப்பட்டது. வாஷிங்டனே வழியில் ஒரு பகுதிவரை உடன் சென்றார். துரோகக் குற்றத்திற்காக மரண தண்டனை பெற்ற இருவரை அவரே மன்னித்தார். அந்த வரி ஜெபர்சன் ஆட்சியில், 1802இல் நீக்கப்பட்டது.

ஆயினும் ஹாமில்டனின் திட்டம் பலன் தந்தது என்பதை நாம் மறுக்க இயலாது. நாட்டின் பத்திரங்கள் ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றன. 1803இல் லூயிசியானா என்னும் பெருநிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்குப் பிரான்சிடமிருந்து ஜெபர்சன் வாங்கியபோது, விலையின் பெரும்பகுதியைப் பத்திரங்களாகவே செலுத்த முடிந்தது. ஹாமில்டன் நிலைநாட்டிய நம்பிக்கை அவருடைய எதிராளிக்கே கைகொடுத்தது. 1835இல் அந்நாடு தன் பொதுக்கடன் முழுவதையும் அடைத்து முடித்தது.

பத்திரம் வைத்திருந்தவருக்கு அரசு கொடுத்த வாக்கு இவ்வாறு நிறைவேறியது. பத்திரத்தை விற்ற படைவீரனுக்கு? வறுமையில் வாடும் பழைய வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1818இல்தான் வந்தது. போர் முடிந்து 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. சாதாரண வீரனுக்கு மாதம் 8 டாலர். அதற்கும் மனுக்கள் மிகுதியாகக் குவியவே, 1820இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் தம் உடைமை அனைத்தையும் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தரவேண்டும். உடுத்தும் உடைக்கும் படுக்கைக்கும் மட்டுமே விலக்கு. மேயின் பகுதியில் குடியேறி முதுமையை எட்டிக்கொண்டிருந்த ஜோசப் மார்ட்டினும் தம் வறுமையை அறிவித்தே அந்த ஊதியத்தைப் பெற்றார்.

ஒரு பத்திரத்தை வாங்கியவரிடம் அரசு வறுமைச் சான்று கேட்கவில்லை. தாளைக் காட்டினால் போதும். அதை உழைப்பாலும் குருதியாலும் ஈட்டியவரிடம் பசுவையும் பன்றியையும் எண்ணிக்காட்டச் சொன்னது. 1790இல் 36 பேர் ஒப்பந்தத்தைக் காத்ததில் நாம் பெரிய குற்றம் காணவில்லை. மேடிசனின் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவராமலும் போயிருக்கலாம். ஆனால் அத்திட்டத்தைத் தள்ளிய அதே நாளில், அந்த வீரனுக்கு வேறு எந்த வழியில் ஈடுசெய்யலாம் என்று அவை கேட்டிருக்கலாம். அக்கேள்வியைக் கேட்க 28 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்களுள் பலர் கல்லறைக்குச் சென்றுவிட்டனர்.