பூசணிக்குள் குங்குமம்

ஆயுத பூசைக்கு மறுநாள் ஓசூர் சிப்காட் சாலைகளில் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். கேட்டுக்குக் கேட் சிதறிக் கிடக்கும் வெண்பூசணி, வழுக்கும் சதை, நசுங்கிய எலுமிச்சை. உள்ளே வைத்த சில்லறையை முந்தின ராத்திரியே பொறுக்கியிருப்பார்கள். மிச்சத்தை அள்ளுவது துப்புரவுத் தொழிலாளி.

'திருஷ்டி கழிக்கிறது, மூடநம்பிக்கை' என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் முற்போக்குப் பழக்கம். ஆனால் காயைத் துளைத்துக் குங்குமத்தைத் திணிப்பது எதற்காக? உடையும்போது சிவப்பு தெறிக்கணும். இது இரத்தம். காளிகா புராணம் வெண்பூசணியையும் கரும்பையும் ஆட்டுப் பலிக்கு நிகராக வைக்கிறது. வங்காளத்துத் துர்க்கை பூசையிலும் வெண்பூசணியை வெட்டுவதுண்டு. புராணம் மறந்தாலும் அடுப்படி மறக்கவில்லை. இந்த எல்லைப்புறத்துத் தெலுங்கு, கன்னட வீடுகள் பலவற்றில் முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டமாட்டார்கள். ஆண் ஒருத்தர் முதல் கீறல் போட்டுத் தரணும். காய்கறிக்கு ஏது இந்த விதி? உயிருக்குத்தானே!

பலியாவது வெண்பூசணி. கன்னடத்தில் பூதுகும்பள, தெலுங்கில் பூடித கும்மடி. இரண்டுமே சாம்பலைச் சொல்லும் பெயர்கள். சாம்பாருக்கும் கூட்டுக்கும் போகும் மஞ்சள் காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. பறங்கியரின் பெயரைப் பரங்கிக்காய் என்று இன்னும் சுமக்கிறது. (மோர்க்குழம்பிலும் காசி அல்வாவிலும் வெண்பூசணி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பதிலிக்கு ஓர் அரசியல் இருக்கிறது. ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்க 1950இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டது. 2003இல் தமிழக அரசு அதைத் தூசி தட்டி எடுத்தபோது மாட்டிக்கொண்டவை கிராமத்துச் சாமிகள்தான். எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் சட்டமே ரத்தானது. அந்த வருஷமும் பூசணி பாட்டுக்கு உடைந்துகொண்டுதான் இருந்தது. இரத்தம் காட்டினால் காட்டுமிராண்டித்தனம், குங்குமம் காட்டினால் பண்பாடு. இதை வெறும் பார்ப்பனியச் சடங்கு என்று மூடிவிடவும் முடியாது. கேட்டில் காயை ஓங்கி அடிக்கிறவர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிதான்.

சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கியது. கேழ்வரகும் அவரையும் விளைந்த ஓசூர்க் காடுகளில் அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் லாரி, மொபெட், கைக்கடிகார ஆலைகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள். அப்படியொரு பட்டறையில் என் மாமா பவர் பிரஸ் ஓட்டினார். ஒரு ஷிப்டில் வலது கையில் இரண்டு விரல் போச்சு. அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, 48 மணி நேரம் வேலைக்கு வரமுடியாத காயத்தை ஆய்வாளருக்கு அறிவித்தாக வேண்டும். பட்டறைப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு வழக்கத்தைவிடப் பெரிய காய் வந்தது. அதே பிரஸ்ஸுக்கு முன்னால் வைத்து, உடைக்கச் சொல்லி மாமாவையே கூப்பிட்டார்கள். உடைத்தார். பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"திருஷ்டி மெஷினுக்குடா, எனக்கில்ல" என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் அன்றைக்குப் பரங்கிக்காய்ச் சாம்பார். முதல் கீறல் போட அத்தை முழுக் காயை அவரிடம்தான் நீட்டினார். மாமா இடது கையால் கத்தியை வாங்கினார்.