வாவெல் மாளிகையின் மரமுகங்கள்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில், விஸ்துலா ஆற்றோரம் எழுந்து நிற்கிறது வாவெல் குன்று. அங்குள்ள பேராலயத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர், இளங்குருவாக 1946-ல் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றியது அப்பேராலயத்தின் நிலவறைச் சிற்றாலயத்தில்தான். அதே குன்றின் மேலுள்ள அரச மாளிகையின் கூரையொன்றைப் பற்றி இங்கே காண்போம்.

1499-ல் மாளிகை தீக்கிரையானது. 1506 முதல் 1548 வரை ஆண்ட மன்னர் முதலாம் சிகிஸ்மண்ட், இத்தாலியக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு மறுமலர்ச்சிக் காலப் பாணியில் அதை எழுப்பினார். மக்கள் பிரதிநிதிகள் கூடிய மண்டபத்தின் மரக்கூரை, சதுரச் சதுரமான குழிவுப் பெட்டிகளாக அமைந்தது. 1540-ஐ ஒட்டி, செபாஸ்டியன் டவர்பாக் என்னும் சிற்பியும் அவருடைய உடனுழைப்பாளர்களும் அப்பெட்டிகளுக்காக 194 மனிதத் தலைகளை மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டினர். முடி தரித்தவர், போர்வீரர், நகரப் பெண்டிர் எனப் பலதரப்பட்ட முகங்கள் மேலிருந்து நோக்கின. கீழே சுவரின் மேற்பகுதியில், மனித வாழ்வின் பாதையை 1532-ல் ஓவியமாக்கியிருந்தார் ஹான்ஸ் டியூரர். புகழ்பெற்ற ஆல்பிரெக்ட் டியூரரின் தம்பி இவர்.

அரசர் நீதி வழங்கியதும் இம்மண்டபத்தில்தான். தலைகளுள் ஒன்று வாய் கட்டப்பட்ட பெண்ணின் தலை. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் மன்னர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் தவறான தீர்ப்புக் கூற முற்பட்டபோது, "நேர்மையாய்த் தீர்ப்பிடும்" என்று அத்தலை கூரையிலிருந்து குரல் கொடுத்ததாம். தீர்ப்பு மாறிற்று, மீண்டும் பேசாதிருக்க அதன் வாயும் கட்டப்பட்டதாம். இது கதையே. ஆயினும் ஏழைக்காகப் பேசும் வாய்க்கு நேர்வது என்ன என்பதை மக்கள் நன்கறிந்திருந்தனர்.

பின்னர் நாடே பங்கு போடப்பட்டது. ஆஸ்திரியப் படை மாளிகையைப் பாசறையாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரை கலைக்கப்பட்டு, தலைகள் சிதறின. இளவரசி இசபெல்லா சார்தோரிஸ்கா சிலவற்றைப் புவாவி ஊரில் பாதுகாத்தார். அவற்றுள் 24 மாஸ்கோ சென்றன. 1921-ஆம் ஆண்டு ரீகா உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பின. இன்று எஞ்சியவை 30 மட்டுமே. அவை மீண்டும் அதே கூரையில் இடம் பெற்றுள்ளன.

பழைய மரம்தானே என்று எண்ணிய கைகளால் 164 முகங்களை உலகம் இழந்தது. அதே மரத்தைப் பொக்கிஷமாய்க் கருதிய கைகளாலேயே அந்த 30 முகங்கள் இன்றும் நம்மைப் பார்க்கின்றன. முன்னோர் விட்டுச்சென்றதைக் காப்பதும் ஒரு கடமையே என்பதை நாம் மறவாதிருப்போமாக.